அந்த 19 எண்களைத் தேடாதீர்கள்

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு புகார் டிக்கெட், அவசரம் என்ற முத்திரையோடு: "ஆர்டர் எண் 4181-க்கு அடுத்து 4201 வந்திருக்கிறது. நடுவில் 19 ஆர்டர்களைக் காணோம். சீக்வென்ஸைப் பின்னால் இழுத்து வைத்து, நோகேஷ் போட்டுவிடவும்." இந்த மாதத்தில் இது மூன்றாவது.

எந்த ஆர்டரும் காணாமல் போகவில்லை. முந்தின இரவு சர்வர் விழுந்தது. ஆரக்கிள் டேட்டாபேஸில் அடுத்தடுத்த எண்ணைக் கொடுக்கும் அமைப்புதான் சீக்வென்ஸ். நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், அது இருபது இருபது எண்களாக எடுத்து மெமரியில் வைத்துக்கொள்ளும். இதுதான் கேஷ். 4181-லிருந்து 4200 வரை கையில் இருந்தது. ஒன்று செலவானது, மிச்சம் 19 சர்வரோடு போயிற்று. அவ்வளவுதான்.

சரி, அப்படி முன்கூட்டி எடுத்துவைக்காதே என்று நோகேஷ் போட்டால் இடைவெளியே வராதா? வரும். கேஷ் இல்லாவிட்டாலும் வரும். கிளினிக்கில் 14-ம் டோக்கன் வாங்கியவர் காத்திருக்கப் பொறுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால், 15-ம் ஆளிடம் இருப்பதைப் பிடுங்கி 14 என்று திருத்தியா கொடுக்கிறார்கள்? சீக்வென்ஸும் அப்படித்தான். எண் வாங்கிய டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆனால், அதாவது அந்த வேலை பாதியில் ரத்தானால், எண் திரும்பி வராது. இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரஸிலும் இதே கதைதான். ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுக்காமல் இருப்பது மட்டும்தான் அதன் வேலை. வரிசையாக, விடுபடாமல் தருகிறேன் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

நோகேஷுக்கு விலையும் உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் டேட்டாபேஸின் உள்பதிவேடான டிக்‌ஷனரியில் ஒரு வரி அப்டேட் ஆகும். தள்ளுபடி விற்பனை நாளில் டேட்டாபேஸோடு பேசும் எல்லா செஷனும் அந்த ஒற்றை வரிக்காக நிற்கும். அப்புறம் 'டேட்டாபேஸ் ஸ்லோ' என்று அடுத்த டிக்கெட்டும் எனக்கே வரும்.

பின்னால் இழுப்பது இன்னும் மோசம். 4182-க்கு இழுத்து வைத்தால் அடுத்த 19 ஆர்டர்கள் அழகாகப் போகும். டெவலப்பரும் நாலைந்து போட்டுப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்பார். இருபதாவது ஆர்டருக்கு 4201 வரும். அது ஏற்கெனவே டேபிளில் உட்கார்ந்திருக்கிறது. ஓஆர்ஏ-00001: இரட்டை எண் கூடாது என்ற ஆரக்கிள் பிழை.

சிலர் சீக்வென்ஸே வேண்டாமென்று இருப்பதிலேயே பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டும் மேக்ஸ் பிளஸ் ஒன் எழுதிக்கொண்டு வருவார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டு பேர் ஒரே நொடியில் படித்தால் இருவருக்கும் அதே எண்தான்.

நிஜமாகவே தொடர் எண் தேவைப்படும் இடம் உண்டு. ஜிஎஸ்டி விதி 46 இன்வாய்ஸுக்குத் தொடர் எண் கேட்கிறது: 16 எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டுக்குள் இரட்டிக்காமல். அதற்குத் தனியாக, கடைசி எண்ணை ஒரு வரியில் வைத்திருக்கும் ஒரு கவுன்ட்டர் டேபிள் வையுங்கள். அந்த வரியை வேறு யாரும் மாற்றாதபடி ஃபார் அப்டேட் போட்டுப் பூட்டி, பில் பதிவாகும் அதே டிரான்சாக்‌ஷனில், கடைசி வேலையாக எண்ணை எடுத்து உடனே கமிட் செய்து பதிவை உறுதியாக்குங்கள். ரோல்பேக் ஆனால் எண்ணும் திரும்பிவிடும். வரிசையில் நிற்க வேண்டிவரும், ஆனால் பில்லுக்கு மட்டும்தான். டேபிளின் வரியை அடையாளம் காட்டும் ப்ரைமரி கீயைப் பில் எண்ணாக அச்சடிக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள்.

எண் வீணாகிறதே என்ற கவலையும் வேண்டாம். ஆரக்கிள் சீக்வென்ஸ் 28 இலக்கம் வரை போகும். கவலைப்பட்டே ஆகவேண்டுமென்றால், போஸ்ட்கிரஸில் சாதா இன்டிஜராக வைத்திருக்கும் ஐடி நெடுவரிசைகளைப் பாருங்கள். அவை 2147483647-இல் நின்றுவிடும்.

அந்த டிக்கெட்டை மூடிவிட்டேன். டிக்கெட் போட்டவரிடம் சொல்லிவிட்டு, கேஷை 20-லிருந்து 1000 ஆக்கினேன். அடுத்த முறை சர்வர் விழுந்தால் இடைவெளி இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று பதிலிலேயே எழுதிவைத்தேன்.