பல பண்ணைகள், ஒரே சோதனை: பி. பி. பால் கட்டமைத்த வேளாண் ஆராய்ச்சி

நீலகிரியின் கோதுமை வயல்களுக்கும் நர்மதைக் கரையின் கோதுமை வயல்களுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தொலைவு உண்டு. நீலகிரியில் கோதுமை ஒருபோதும் பெரும் பரப்பில் பயிரானதில்லை. நர்மதைக் கரையிலோ அதுவே பிழைப்பு. இருந்தும், குன்றின் மேல் சில பாத்திகளில் தங்கியிருக்கும் ஒரு பூஞ்சை, மத்திய இந்தியாவின் விளைச்சலையே அழிக்க வல்லது என்பதை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த ஆய்வுகள் காட்டின. கோதுமைத் தண்டைத் தாக்கும் கருந்துரு நோய்க்குக் காரணம் அந்தப் பூஞ்சைதான்.

இதைக் கண்டறிந்தவர் ஆக்ரா கல்லூரியில் பணியாற்றிய கே. சி. மேத்தா. வடக்கே சமவெளியில் ஏப்ரலுக்குள் கோதுமை அறுவடையாகிவிடும். அதன்பின் வரும் கோடை வெயிலில் துருவின் வித்துகள் உயிர் தப்புவதில்லை. அப்படியானால் அடுத்த குளிர்காலப் பயிருக்கு நோய் எங்கிருந்து வருகிறது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்பெரி என்னும் புதர்ச்செடி இந்தப் பூஞ்சைக்கு இடைக்காலப் புகலிடமாகிறது. இந்தியாவில் அதற்குப் பெரிய பங்கில்லை என்று மேத்தா நிறுவினார். இமயமலை, நீலகிரி, பழனி மலை ஆகியவற்றின் குளிர்ச்சியில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பச்சைக் கோதுமைச் செடி இருந்துகொண்டே இருக்கும். அதில் தங்கும் துரு, உரிய பருவத்தில் காற்றேறிச் சமவெளிக்கு இறங்குகிறது. தென்மலைகளிலிருந்து கருந்துருவை வடக்கே கொண்டு சேர்ப்பதில் நவம்பர் மாதத்து வங்கக்கடல் புயல்களுக்குப் பங்குண்டு என்பது 1970களில் தெளிவாயிற்று.

இந்த உயிரியல் உண்மை, ஒரு நிர்வாகச் சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி வேளாண்மை மாகாணங்களின் பொறுப்பாகிவிட்டது. கோதுமையைப் பெரிதாக மதிக்காத சென்னை மாகாணம் நீலகிரித் துருவை ஆராய ஏன் செலவு செய்ய வேண்டும்? செலவு செய்ய விரும்பும் மத்திய மாகாணங்களோ நீலகிரியில் சோதனை வயல் வைக்க இயலாது. பூஞ்சை ஒரு நாட்டளவில் இயங்க, அதை ஆராய்பவர்கள் மாகாண அளவில் சிதறிக் கிடந்தார்கள். இந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்ய எடுத்த முயற்சிகளின் வரலாற்றில் நடுவே நிற்பவர் பயிர் மரபியலர் பெஞ்சமின் பியரி பால். பால் என்றாலே இந்தியாவில் பலருக்கு ரோஜாதான் நினைவுக்கு வரும். அந்த ரோஜாக்காரர் கோதுமை வயலிலும் குழுக் கூட்டங்களிலும் செய்த வேலையே இங்கே பேசுபொருள்.

அவர் பொறுப்பேற்றபோது நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. கர்சன் பிரபு காலத்தில், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த 30,000 பவுண்டு நன்கொடையின் துணையுடன், 1905இல் பீகாரின் பூசாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தது. கோவையில் கரும்புக்கென ஒரு நிலையம் 1912இலிருந்து இயங்கியது. லின்லித்கோ தலைமையிலான அரச ஆணையம் 1928இல் அளித்த பரிந்துரையின்படி, மறுஆண்டு ஜூலை 16 அன்று இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பதிவுபெற்றது; இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முன்னோடி அதுவே. ஆனால் அந்தக் கழகத்தின் கீழ் ஓர் ஆய்வுக்கூடமும் கிடையாது, ஒரு பண்ணையும் கிடையாது. விண்ணப்பம் வந்தால் பணம் கொடுக்கலாம், அறிக்கை வந்தால் படிக்கலாம், கட்டளையிட முடியாது. மேத்தாவின் துரு ஆய்வும் அப்படி நிதி பெற்று நடந்ததுதான். இதனுடன் பருத்திக்கு 1921இலும் சணலுக்கு 1936இலும் எனத் தனித்தனியே மையக் குழுக்கள் பிறந்தன. வரி தண்டக்கூடிய வணிகப் பயிர்களுக்குக் குழு உண்டு. சோளத்திற்கும் கம்புக்கும் கேட்பாரில்லை.

கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன், ஃபிராங்க் எங்கிள்டோ ஆகியோரிடம் கோதுமை மரபியல் பயின்ற பால், 1933இல் பூசாவில் பயிர்த் தாவரவியலராகச் சேர்ந்தார். சில மாதங்களில், 1934 ஜனவரி 15 அன்று, பீகார் நிலநடுக்கம் நிலையத்தின் கட்டடங்களைச் சிதைத்துவிட்டது. 1936இல் நிறுவனம் டெல்லிக்குப் பெயர்ந்தது. ஊர்ப்பெயரையும் உடன் எடுத்துச் சென்றது. டெல்லியில் அந்த வளாகத்திற்கு இன்றும் பூசா என்றே பெயர், அங்கே உருவான கோதுமைகளுக்குப் ‘புதிய பூசா’ என்பதைக் குறிக்கும் என்.பி. என்ற முன்னெழுத்து.

அவர் ஏற்றுக்கொண்ட பணி துருவை எதிர்க்கும் கோதுமையை உருவாக்குவது. கேட்க எளிதாகத் தோன்றும் இப்பணியில் இரண்டு முடிச்சுகள் உண்டு. துரு ஒன்றல்ல; கருந்துரு, பழுப்புத் துரு, மஞ்சள் துரு என மூன்று. ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாத பல இனங்கள் உண்டு. ஒரு கோதுமையின் எதிர்ப்புத் திறன் ஓர் இனத்தைத் தடுக்கும், அடுத்த இனத்திடம் தோற்கும். ஆகவே எதிர்ப்புத் திறன் கொண்ட அயல்நாட்டுக் கோதுமையை நல்ல விளைச்சல் தரும் உள்நாட்டுக் கோதுமையோடு கலந்து, பிறக்கும் சந்ததிகள் மீது வேண்டுமென்றே பல இனத் துருக்களைத் தூவி, தாக்குப்பிடிக்கும் செடிகளை மட்டும் பொறுக்கி, அவற்றை மறுபடியும் கலந்து, இப்படித் தலைமுறை தலைமுறையாக வடிகட்டிக்கொண்டே போக வேண்டும். டெல்லியில் ஆண்டுக்கு ஒரு போகம்தான் கோதுமை. மூன்று துருக்களையும் எதிர்க்கும் என்.பி. 809 ரகம் 1954இல் வெளிவந்தபோது, அவர் பூசாவில் சேர்ந்து இருபது ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்த இருபது ஆண்டுகள் அவருக்குக் கற்பித்தது ஒன்று: நல்ல விதைக்கு நல்ல அறிவியலர் மட்டும் போதாது, நோயின் இனங்களைக் கணக்கெடுக்க ஓரிடம், கோடையிலும் கோதுமை வளர்க்க ஒரு மலையிடம், உலகின் கோதுமைகளைச் சேமித்து வைக்க ஒரு களஞ்சியம், பயிர் மரபியல் தெரிந்த இளைஞர்களை உருவாக்க ஒரு பள்ளி ஆகிய அனைத்தும் வேண்டும். அவர் ஒவ்வொன்றாகக் கட்டினார். 1941இல் இந்திய மரபியல், பயிர்ப்பெருக்கச் சங்கம் உருவாவதில் முன்னின்று, அதன் ஆய்விதழை 25 ஆண்டுகள் தாமே தொகுத்தார். 1946இல் அவரது தாவரவியல் பிரிவுக்குள் ஹர்பஜன் சிங்கின் பொறுப்பில் அயல்நாட்டு விதைகளைத் திரட்டும் சிறு திட்டம் தொடங்கியது. இன்றைய தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் வேர் அதுதான். 1950இல் பால் டெல்லி நிறுவனத்தின் இயக்குநரானார். 1958இல் அது முதுநிலைப் பட்டம் வழங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

ஆனால் பல பண்ணைகளில் ஒரே சோதனையை நடத்துவது என்ற மையக் கருத்து செயல்வடிவம் பெற்றது கோதுமையில் அல்ல, மக்காச்சோளத்தில். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஒத்துழைப்புடன் 1957இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள மேம்பாட்டுத் திட்டம், பின்வந்த இத்தகைய திட்டங்களுக்கெல்லாம் அச்சாக அமைந்தது. அது எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

ஒரு ரகம் ஒரு வயலில் நன்றாக விளைந்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அந்த ரகம் காரணமாக இருக்கலாம். அந்த மூலை மண் சற்று வளமானதாகவும் இருக்கலாம். அந்த ஆண்டு மழை ஒத்துழைத்ததாகவும் இருக்கலாம். இவை மூன்றையும் பிரித்தறிய வேண்டும். மண்ணின் பங்கைக் கழிக்க, ஒவ்வொரு ரகத்தையும் ஒரே வயலில் மூன்று நான்கு பாத்திகளில், எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கியது போலத் தற்செயலுக்கு விட்டு விதைப்பார்கள். மழையின் பங்கைக் கழிக்க ஒரே சோதனையைப் பல ஆண்டுகள் செய்வார்கள். இவ்வளவையும் ஒரு தனி நிலையமே செய்துவிட முடியும். அதனால் செய்ய முடியாதது வேறொன்று: இடத்தின் பங்கைக் கண்டறிவது. லூதியானாவில் முதலிடம் பெற்ற ரகம் ஐதராபாத்தில் ஏழாமிடத்திற்கு இறங்குவது வெறும் பிழையன்று. மரபணுக்களும் சூழலும் ஒன்றோடொன்று ஊடாடுவதன் விளைவு. ஒருங்கிணைந்த திட்டம் இந்த ஊடாட்டத்தை இடையூறாகக் கருதாமல் அளவிட வேண்டிய ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. நாடு வேளாண் சூழல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. எல்லா நிலையங்களும் தத்தம் புதிய ரகங்களின் விதையை ஒருங்கிணைப்பாளரிடம் கொடுக்கும். அவர் பெயர்களை நீக்கிக் குறியெண் இட்டு, அதே தொகுப்பை எல்லா இடங்களுக்கும் அனுப்புவார். விதைக்கும் நாள், உரத்தின் அளவு, பாத்தியின் நீள அகலம் அனைத்தும் ஒன்றே. ஏற்கெனவே உழவர் பயிரிட்டுவரும் ஒரு ரகம் ஒப்பீட்டுக்காக உடன் நிற்கும். ஆண்டு முடிவில் அனைவரும் ஓரிடத்தில் கூடி எண்களை மேசைமேல் வைப்பார்கள்.

இந்தக் கூட்டம்தான் முறையின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். அதுவரை தம் பண்ணையில் தம் ரகத்தைத் தாமே சோதித்துத் தாமே மெச்சிக்கொண்ட அறிவியலர், மற்றவர் பண்ணையில் அது எப்படி நின்றது என்பதைப் பலர் முன்னிலையில் கேட்டாக வேண்டும். தன் பிள்ளைக்குத் தானே மதிப்பெண் போடும் வழக்கம் அங்கே செல்லாது.

மக்காச்சோளத்திற்கு இந்த முறை குறிப்பாக ஏற்றது. வீரிய ஒட்டு விதைக்கு முதலில், தன் மகரந்தத்தாலேயே பல தலைமுறை கருவுறச் செய்த நலிந்த தூய வரிசைகள் வேண்டும். நான்கு வரிசைகளை இரண்டிரண்டாகக் கலந்து, பிறந்த இரண்டையும் மீண்டும் கலந்தால் இரட்டை ஒட்டு கிடைக்கும். எந்த நான்கைச் சேர்த்தால் வீரியம் பிறக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. கலந்து பார்ப்பதுதான் வழி. இருபது வரிசைகள் கையிலிருந்தாலே சாத்தியமான இரட்டை ஒட்டுகள் பதினான்காயிரத்தைத் தாண்டும். ஒரு பண்ணையின் ஆற்றலுக்கு இது அப்பாற்பட்டது. வேலையைப் பங்கிட்டுக்கொண்டு விதையையும் தரவையும் பொதுவில் வைத்தால் எல்லைக்குள் வரும். திட்டம் தொடங்கி நான்கே ஆண்டுகளில், 1961இல், கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என நான்கு ஒட்டு ரகங்கள் வெளியாயின. கங்கா என்றும் டெக்கான் என்றும் இட்ட பெயர்களிலேயே மண்டலப் பிரிவு தெரிகிறது.

இந்த வெற்றிக்குப் பின்னும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை ஆட்சிப் பணி அலுவலரிடமே இருந்தது. ஆய்வு நிலையங்கள் அமைச்சகத்தின் கீழும் பயிர்க் குழுக்களின் கீழும் பிரிந்தே கிடந்தன. 1964இல் மரியன் பார்க்கர் தலைமையிலான மீளாய்வுக் குழு இவையனைத்தையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அறிக்கைகள் அலமாரியில் உறங்குவது வழக்கம். அதே ஆண்டு சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண் அமைச்சரானதால் இது உறங்கவில்லை. கழகத்தின் தலைமைக்கு ஓர் அறிவியலரே வர வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். 1965இல் பால் முதல் தலைமை இயக்குநரானார். பயிர்க் குழுக்கள் கலைக்கப்பட்டு, அவற்றின் நிலையங்களும் அமைச்சகத்தின் நிலையங்களும் கழகத்தின் கைக்கு வந்தன. பணம் மட்டும் கொடுக்க முடிந்த ஒரு சங்கம், பண்ணைகளையும் ஆய்வுக்கூடங்களையும் தானே நடத்தும் அமைப்பாயிற்று. ஒருங்கிணைந்த திட்டங்கள் ஒவ்வொரு பயிருக்கும் பரவின. நெல்லுக்கானது 1965இல் ஐதராபாத்தை மையமாகக் கொண்டது. மாநில வேளாண் பல்கலைக்கழகங்களின் பண்ணைகள் இத்திட்டங்களில் பங்காளிகளாயின. அங்கே பணியிடங்களுக்கான செலவில் பெரும்பங்கைக் கழகம் ஏற்றது. சென்னை மாகாணத்தை நோக்கி முன்பு எழுந்த கேள்விக்கு, யார் செலவு செய்வது என்ற அந்தக் கேள்விக்கு, இதுவே கிடைத்த விடை.

மெக்சிகோவிலிருந்து நார்மன் போர்லாக் அனுப்பிய குட்டைக் கோதுமைகள் 1963இல் வந்திறங்கியபோது, அவற்றைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் சோதிக்கும் பழக்கம் இங்கே ஊறியிருந்தது. பசுமைப் புரட்சி பற்றிய பேச்சில் கப்பலில் வந்த விதைக்குக் கிடைக்கும் இடம், அதைச் சோதித்த பாத்திகளுக்குக் கிடைப்பதில்லை. அந்த மெக்சிகோ விதைத்தொகுப்பிலிருந்து பொன்னிறத் தானியம் கொண்ட ஒரு வரிசையை லூதியானாவில் தேர்ந்து கல்யாண் என்றார்கள். டெல்லியிலும் அதே வரிசையைத் தேர்ந்து சோனா என்றார்கள். இரண்டும் ஒன்றே என்று தெரிந்ததும் பெயர்களையும் ஒட்டிவிட்டார்கள். 1967இல் வெளியான கல்யாண் சோனா, ஒரு பெரும் பரப்பில் அலையடித்த கோதுமை.

இம்முறைக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. சோதனைப் பாத்திக்கு நீரும் உரமும் தாராளமாகக் கிடைக்கும். அங்கே வெல்லும் ரகம், கிணறில்லாத உழவரின் மேட்டுக்காட்டில் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை. மண்டலத்தின் சராசரியை உயர்த்தும் ரகம் தேர்வாகும்போது, ஒரு தாலுகாவுக்கு மட்டும் மிகச் சிறப்பாகப் பொருந்தும் உள்ளூர் ரகம் பட்டியலுக்கே வராமல் போகலாம். ஒரே ரகம் பரந்து விளைந்தால், அதை வெல்லும் ஒரு துரு இனம் தோன்றும்போது இழப்பும் பரந்ததாகவே இருக்கும். கல்யாண் சோனாவுக்குப் பின்னாளில் பழுப்புத் துருவால் நேர்ந்தது அதுதான். மானாவாரி வேளாண்மைக்கென ஓர் ஒருங்கிணைந்த திட்டம் 1970இல்தான், பால் ஓய்வுபெறுவதற்கு இரண்டாண்டு முன்பு, தொடங்கியது.

கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனிடம் 1972இல் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு பால் தம் ரோஜாக்களிடம் திரும்பினார். லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானதும் அதே ஆண்டில்தான். இன்று அகில இந்தியக் கோதுமைச் சோதனைகளுக்கான மண்டலப் பட்டியலில் ‘தென்மலை மண்டலம்’ என்று ஒன்று உண்டு. நீலகிரியும் பழனி மலையும் அதில் அடங்கும். குன்னூரை அடுத்த வெலிங்டனில் டெல்லி நிறுவனத்தின் கிளை நிலையம், வடக்கே வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும் கோடையிலும் கோதுமையை விதைத்து, அதன் மேல் துரு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.