குதிகாலுக்குக் கீழே 20 மில்லிமீட்டர்

பாதம் முழுக்கத் தரையில் படியக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். திண்ணையடியில் அப்படியே மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த தலைமுறைக்கு இது ஒரு விஷயமே இல்லை. நாற்காலியில் வளர்ந்தவர்களில் பலருக்கோ குதிகால் எழும்பிவிடும், இல்லாவிட்டால் பின்பக்கம் சாய்ந்து விழுவார்கள். கணுக்கால் போதிய அளவு மடங்கவில்லை. பளுதூக்கும் ஷூ காசுக்கு விற்பது அந்தக் குறைகிற கோணத்தைத்தான்.

ஸ்குவாட் என்பது எடை பிளேட்கள் மாட்டிய இரும்புக் கம்பியை, அதாவது பாரை, தோளில் சுமந்து குந்தி எழுவது. அதில் பாரும் உடம்பும் சேர்ந்த எடை நடுப்பாதத்தில் இறங்கவேண்டும். கணுக்கால் மடங்கினால் முட்டி முன்னே போகும், முதுகு நிமிர்ந்திருக்கும். மடங்காவிட்டால் இடுப்பு பின்னால் போய்விடும்; ஈடுகட்ட நெஞ்சு கவிழும். குதிகாலிலிருந்து விரல்களின் அடிமேடு வரை 18 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பளுதூக்கும் ஷூவின் 20 மி.மீ. குதிகால் உயரம் சுமார் 6 டிகிரியை இனாமாகத் தருகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில், அது நீட்டிய கைகளில் நிற்கிறது. நெஞ்சு கொஞ்சம் கவிழ்ந்தாலும் பார் முன்னால் ஓடிவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வென்ற மீராபாய் சானு ஸ்நாட்சில் தூக்கியது 87 கிலோ. அவ்வளவு எடையை ஆழக் குந்திய நிலையில் வாங்கும்போது 6 டிகிரி பெரிய விஷயம்.

உயரத்தைவிட அடிப்பாகத்தின் இறுக்கம் முக்கியம் என்பேன். ஓடுகிற ஷூவின் குதிகால் நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கும். அதைப் போட்டுக்கொண்டு 80 கிலோவோடு குந்திய நாளில் என் இடது பாதம் உட்புறமாகச் சரிந்தது, பின்னாலேயே முட்டியும். மெத்தைமேல் நின்று யாராவது மூட்டை தூக்குவார்களா? பளுதூக்கும் ஷூவின் அடி கெட்டியான பிளாஸ்டிக் அல்லது மரம். அமுங்காது.

எல்லோருக்கும் இது தேவையா? சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பெருவிரலை வைத்து, குதிகால் எழாமல் முட்டியால் சுவரைத் தொட முடிந்தால், வெறும் ஸ்குவாட்டுக்குத் தட்டையான கான்வாஸ் ஷூவே போதும். பாரைத் தோளுக்குக் கீழே இறக்கி வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குந்துகிறவர்களுக்கும் அப்படித்தான். பாரைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் குதிகால் உயரம் தொல்லை. பாரை அந்த அளவுக்குக் கூடுதலாகத் தூக்கவேண்டி வரும்.

குதிகாலுக்கு அடியில் 2.5 கிலோ பிளேட்டைச் செருகிக்கொள்ளும் ஜிம் தந்திரம் ஸ்குவாட்டுக்குச் சரி. ஸ்நாட்சில் பாதம் தரையைவிட்டு எழும்பி இடம் மாறி இறங்கும். பிளேட் கூடவே வராது.