குருட்டு நகலெடுப்பா, மிகைபடப் போலச்செய்தலா?

நாயும் குழந்தையும் பிறரைப் பார்த்துக் கற்கும் விதத்தை ஒப்பிடும் கட்டுரைகளில் 'ஓவர்இமிட்டேஷன்' என்பதற்குக் 'குருட்டு நகலெடுப்பு' என்று எழுதியிருப்பதை இந்த மாதத்தில் மூன்றாம் முறையாகப் படித்துவிட்டேன். செய்து காட்டுபவரின் பயனற்ற அசைவுகளையும் சேர்த்துச் செய்வது என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள். 'இமிட்டேஷன்' இலத்தீன் வழி வந்தது. 'ஓவர்' சேர்ந்த வடிவத்தை 2007இல் உளவியல் ஆய்வாளர் டெரெக் லயன்ஸும் உடனாய்வாளர்களும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர்.

'நகல்' அரபு மூலமுடையது என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. பத்திரத்துக்கும் ரேஷன் அட்டைக்கும் அது நன்றாகவே உழைக்கிறது. ஆனால் தாளில் இருக்கும் கறையையும் எழுத்தையும் பிரித்தறியாத இயந்திரத்தின் வேலை அது; குழந்தையின் வேலை அப்படிப்பட்டதன்று.

'குருட்டு' என்பதோ முழுப் பிழை. 2005இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற ஆய்வாளர்கள் ஒரு பெட்டியின் மேல்துளையில் குச்சியை வீணே குத்திக் காட்டிவிட்டு, பிறகு கீழ்த்துளை வழியாகப் பரிசை எடுத்தனர். பெட்டி ஒளிபுகும் கண்ணாடி போன்றதாக இருந்தபோது, குத்துவதால் பயனில்லை என்பதைக் கண்ட சிம்பன்சிகள் அதை விட்டுவிட்டன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளோ அப்போதும் குத்தினார்கள். எல்லாம் கண்ணெதிரே தெரிந்தும் செய்ததைக் குருடு என்பது எப்படிப் பொருந்தும்? (பார்வையற்றோரை அறியாமைக்கு உவமையாக்கும் பழக்கத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எப்போது விடுவார்களோ.)

சொல் தவறினால் முடிவும் தவறுகிறது. பரிசுப் பெட்டியின் பயனற்ற நெம்புகோலை நாய்கள் போகப்போகக் கைவிட்டதாக 2017இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதும், 'குழந்தையைவிட நாய் புத்திசாலி' என்று எழுதினார்கள். மறு ஆண்டே வியன்னாவில், வளர்ப்பவர் சுவரிலிருந்த வண்ணப் புள்ளிகளைத் தொட்டுக் காட்டிய பிறகு உணவுப் பெட்டியின் கதவைத் திறந்தபோது, நாய்களில் ஏறத்தாழப் பாதி அந்த வீண் தொடுதலையும் செய்தன. 2020இல் அதே குழுவினர் வெளியிட்ட அடுத்த ஆய்வில், அந்நியர் செய்து காட்டியபோது அவ்வாறு செய்தவை வெகு குறைவு. குருட்டுத்தனமாக இருந்தால் ஆள் பார்த்துச் செய்யுமா?

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் 'மிகைபடக் கூறல்' ஒன்று. வேண்டாததைச் சேர்ப்பதற்கு நம்மிடம் ஆயத்தமாக இருக்கும் சொல் அது. 'போலச்செய்தல்' இலக்கியத் திறனாய்வில் ஏற்கெனவே வழங்குவது. இரண்டையும் சேர்த்து 'மிகைபடப் போலச்செய்தல்' என்றால் இகழ்ச்சியும் இல்லை, பொருளும் வழுவவில்லை. நீளம் என்று முறையிடுவோர் 'குருட்டு நகலெடுப்பு' மட்டும் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பார்க்கட்டும்.