எவால்வுலஸ்: முறுக்கு அவிழ்ந்த செடியின் பெயர்

விஷ்ணுகிராந்தியைத் தாவரவியல் நூலில் தேடினால் எவால்வுலஸ் அல்சினாய்டஸ் என்ற பெயர் வரும். இதில் முதற்சொல் பேரினத்தின் (நெருங்கிய உறவுள்ள செடிகளின் தொகுதி) பெயர், அடுத்தது அதற்குள் அடங்கும் சிற்றினத்தின் பெயர். இந்த எவால்வுலஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது, செடியைப் பற்றி என்ன சொல்கிறது, தமிழில் இதை எப்படிச் சொல்லலாம் என்பதைப் பார்ப்போம்.

லத்தீனில் வால்வரே என்றால் உருட்டு, சுற்று என்று பொருள். அதன் முன்னால் 'கன்' சேர்ந்தால் ஒன்றாகச் சேர்த்துச் சுற்று, சுருட்டு என்றாகும். கொம்பையும் வேலியையும் சுற்றிச் சுற்றி ஏறும் கொடிக்குக் கன்வால்வுலஸ் என்ற பெயர் அப்படி வந்தது. அந்தப் பேரினத்தின் பெயரே குடும்பம் முழுவதற்கும் கன்வால்வுலேசியே என்று நின்றுவிட்டது. காலையில் மலர்ந்து வெயில் ஏறியதும் வாடும் மார்னிங் குளோரி கொடிகள், சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரை, கடற்கரை மணலில் படரும் அடம்பு, வேரும் இலையும் இல்லாமல் பிற செடிகளைச் சுற்றி உறிஞ்சி வாழும் அம்மையார் கூந்தல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். சுமார் 60 பேரினங்கள் இதில் உண்டு.

அதே வால்வரேயின் முன்னால் 'எ' சேர்ந்தால் பொருள் நேர் எதிராகிவிடும்: சுற்றியதைப் பிரி, சுருளை விரி. அதுதான் எவால்வுலஸ். அதாவது, சுற்றாதது, முறுக்கு அவிழ்ந்தது. பரிணாமத்தைக் குறிக்கும் எவல்யூஷன் என்ற சொல்லும் இதே வினையிலிருந்து பிறந்ததுதான். சுருட்டி வைத்த ஏட்டை விரித்துப் படிப்பதற்கு ரோமானியர்கள் எவால்வரே என்றார்கள். அது பிற்காலத்தில் உள்ளிருப்பது படிப்படியாக வெளிப்படுவதைக் குறிக்கலாயிற்று. ஆனால் செடியின் பெயருக்கும் பரிணாமக் கொள்கைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. செடிக்குப் பெயர் வைத்தது 1762இல், டார்வின் பிறப்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்னால்.

பெயர் வைத்தவர், செடிகளுக்கு இருசொற்பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிவியலர் லின்னேயஸ். 1753இல் அவர் வெளியிட்ட நூலில் விஷ்ணுகிராந்தி, கன்வால்வுலஸ் அல்சினாய்டஸ் என்றுதான் இருந்தது. சுற்றும் கொடிகளோடு சேர்த்தே வைத்திருந்தார். ஒன்பது ஆண்டு கழித்து, இரண்டாம் பதிப்பில், இதையும் இதன் உறவான நும்முலாரியஸ் என்ற செடியையும் பிரித்தெடுத்துத் தனிப் பேரினமாக்கினார். பழைய பெயரின் முன்னொட்டை மட்டும் மாற்றிப் புதுப் பெயர் செய்தார். 'உன் தாயாதி சுற்றுவான், நீ சுற்றமாட்டாய்' என்று ஒரே எழுத்தில் சொல்லிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த தாவரப் பெயர்களில் இது ஒன்று.

இருந்தாலும், பெயரை வைத்து மட்டும் செடியை அடையாளம் காணக் கிளம்பினால் தவறிப்போகும். இந்தக் குடும்பத்தில் சுற்றாதவை வேறேயும் உண்டு. நெய்வேலிக் காட்டாமணக்கு, சுற்றும் கொடிகள் நிறைந்த ஐப்போமியா பேரினத்தைச் சேர்ந்தது, ஆனால் புதராக நிற்கிறது. எலிச்செவிக்கீரை தரையோடு படர்கிறது. கன்வால்வுலஸ் பேரினத்துக்குள்ளேயே சுற்றாமல் தரையில் கிடக்கும் சிற்றினங்கள் உண்டு. ஆக, எவால்வுலஸ் எல்லாம் சுற்றாது என்பது சரி, சுற்றாததெல்லாம் எவால்வுலஸ் என்பது சரியல்ல.

உறுதியான அடையாளம் பூவுக்குள்ளே இருக்கிறது. விஷ்ணுகிராந்திப் பூ ஒன்றை எடுத்து, நீல அல்லியை (இதழ்களின் வட்டத்தை) விரல்நுனியால் மெல்ல இழுங்கள். ஐந்து இதழும் ஒன்றாய் ஒட்டியது என்பதால் அல்லி வட்டம் முழுதாகக் கழன்று வரும். மகரந்தத்தாள்கள் ஐந்தும் அல்லிக் குழலோடு ஒட்டியவை, அவையும் கூடவே வந்துவிடும். புல்லிக்குள் (பூவின் அடியில் உள்ள பச்சை வட்டம்) சூலகம் (பூவின் பெண் உறுப்பு) மட்டும் தனியாக நிற்கும். இப்போது கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். சூலகத்தின் அடிப்பகுதியான சூற்பையின் தலையிலிருந்து இரண்டு சூலகத்தண்டுகள் கிளம்பும். ஒவ்வொன்றும் சற்று மேலே போய் இரண்டாகப் பிளக்கும். மொத்தம் நான்கு மெல்லிய இழைகள். இதுதான் எவால்வுலஸ். கன்வால்வுலஸில் சூலகத்தண்டு ஒன்றுதான், அதன் நுனியில் நீண்ட சூலகமுடிகள் (மகரந்தம் படியும் நுனிகள்) இரண்டு. ஐப்போமியாவிலும் தண்டு ஒன்றே, முடி உருண்டையாக இருக்கும். உவர்நிலத்தில் வளரும் கிரஸ்ஸாவுக்குத் தண்டு இரண்டு உண்டு, ஆனால் அவை பிளப்பதில்லை. ஒருமுறை இந்த நான்கு இழைகளைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

மற்றப் பண்புகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். எல்லாம் சிறு செடிகள் அல்லது குறுஞ்செடிகள். சில தரையோடு கிடக்கும், சில நுனி மட்டும் நிமிரும், சில நேராக நிற்கும். பற்றுக்கம்பி கிடையாது. இலைகள் சிறியவை, விளிம்பில் வெட்டு இல்லாதவை. பல சிற்றினங்களில் தண்டும் இலையும் பட்டு போன்ற ரோமம் போர்த்தியிருக்கும். செரீசியஸ் (பட்டு போன்றது), அர்ஜென்டியஸ் (வெள்ளி நிறத்தது) என்ற சிற்றினப் பெயர்கள் இந்த ரோமத்தைப் பார்த்து வைத்தவை. பூ பெரும்பாலும் நீலம், சிலவற்றில் வெள்ளை. மொட்டில் அல்லி மடிப்பு மடிப்பாக இருக்கும். காயானது உருண்டையான வெடிகனி, உள்ளே ஒன்று முதல் நான்கு விதைகள். விதையில் ரோமம் இராது. விஷ்ணுகிராந்தியில் பூக்காம்பு நூல் போல மெலிந்து, இலையைவிட நீண்டிருக்கும். காய் பிடித்ததும் அந்தக் காம்பு கீழ்நோக்கி வளையும்.

இந்தப் பேரினத்தில் ஏறக்குறைய நூறு சிற்றினங்கள். அநேகமாக எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. விஷ்ணுகிராந்தி ஒன்றுதான் உலகின் வெப்ப நாடுகள் எங்கும் பரவலாகக் காணப்படுகிறது. நும்முலாரியஸும் அமெரிக்காவிலிருந்து வந்து ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வேரூன்றிவிட்டது. அதன் இலை சிறு நாணயம் போல வட்டம், பெயரின் பொருளும் அதுவே. கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையை மூடும், பூ வெள்ளை. தோட்டங்களில் புளூ டேஸ் என்ற பெயரில் வளர்க்கப்படும் அடர்நீலப் பூச்செடி பிரேசிலைச் சேர்ந்த குளோமராட்டஸ். பூக்கள் கொத்தாக வருவதால் அந்தப் பெயர். அல்சினாய்டஸ் என்றால் அல்சினேயைப் போன்றது. அல்சினே ஒரு சிறு களைச்செடியின் பழைய பெயர். இந்தப் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து ஒரே நூலாக 1934இல் தந்தவர் டச்சுத் தாவரவியலர் வான் ஊஸ்ட்ஸ்ட்ரோம்.

சரி, தமிழ்ப் பெயருக்கு வருவோம். விஷ்ணுகிராந்தி என்பது வடமொழி விஷ்ணுகிராந்தாவிலிருந்து வந்தது. கிராந்தம் என்றால் அடிவைத்துக் கடந்தது. விஷ்ணுவின் காலடி பட்டது என்பது பெயரின் கருத்து. இதைப் பலர் விஷ்ணுகிரந்தி என்று குறுக்கி எழுதுகிறார்கள். அது பொருளையே மாற்றிவிடும், ஏனென்றால் கிரந்தி என்றால் முடிச்சு, கட்டி. வைத்திய வழக்கில் அது ஒரு நோயின் பெயரும்கூட. விஷ்ணுகரந்தை என்ற வழக்கும் உண்டு. கிராந்தி என்ற ஒலி பழகாதவர்கள், நன்கு தெரிந்த கரந்தையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொட்டைக்கரந்தை சூரியகாந்திக் குடும்பம், இதற்கும் அதற்கும் உறவில்லை. இன்னொரு சிக்கல்: வடமொழியில் விஷ்ணுகிராந்தா என்ற பெயர் சங்குப்பூவுக்கும் வழங்குகிறது. சங்குப்பூ அவரைக் குடும்பத்துக் கொடி, சுற்றி ஏறுவது, கூட்டிலை உடையது, தட்டையாகக் காய்ப்பது. பழைய மருத்துவக் குறிப்பு ஒன்றில் இந்தப் பெயரைக் கண்டால் எந்தச் செடி என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பேரினத்துக்குத் தமிழில் என்ன சொல்வது? லத்தீன் பொருளை அப்படியே எடுத்துச் 'சுருளவிழி', 'முறுக்கவிழி' என்று புதிதாக ஆக்கலாம்தான். ஆனால் அந்தப் பெயரின் சுவை, கன்வால்வுலஸ் பக்கத்தில் நிற்கும்போது மட்டுமே தெரியும். தமிழில் அந்தக் கொடிகளுக்குத் தாளி, வள்ளி, அடம்பு என்று தனித்தனிப் பெயர்கள் இருக்க, அவிழ்ப்பதற்கு முறுக்கு எங்கே இருக்கிறது? அதனால் நன்கு அறிமுகமான சிற்றினத்தின் பெயரையே பேரினத்துக்கு ஏற்றி, விஷ்ணுகிராந்திப் பேரினம் என்பதே நல்லது என்பேன். நும்முலாரியஸை வட்டஇலை விஷ்ணுகிராந்தி என்றும், குளோமராட்டஸைக் கொத்துப்பூ விஷ்ணுகிராந்தி என்றும் சொல்லிவிடலாம். பண்பைச் சொல்லும் இடத்தில் 'பின்னுகொடி அல்லாதது' என்று எழுதினால் போதும். சுற்றி ஏறும் கொடியைக் குறிக்கும் பின்னுகொடி என்பது பாடநூல்களில் ஏற்கெனவே உள்ள சொல். கொடி வகை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தரையில் படர்வதை வைத்துப் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதைப் படிப்பவர் வேலியில் போய்த் தேடுவார்.