வீடியோவை வெட்டிய பின் அளவு ஏன் மாறித் தெரிகிறது?

வீடியோக்களை மாற்றியமைக்கும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கின் (FFmpeg) கட்டளையால் வீடியோவின் ஓரங்களை வெட்டுபவர்கள் பலரும் என்னிடம் கொண்டுவரும் முறையீடு ஒன்றுதான்: கொடுத்த அளவு ஒன்று, கிடைத்த அளவு வேறு. உடனே கட்டளையைத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன், மூலக் கோப்பையும் வெட்டிய கோப்பையும் கோப்பின் விவரங்களைக் காட்டும் எஃப்எஃப்புரோப் (ffprobe) கருவியில் இட்டு, அகலம், உயரம், பிக்சல் விகிதம், சுழற்சிக் குறிப்பு ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள் என்று வலியுறுத்துவேன்.

அதிகம் குழப்புவது பிக்சல் விகிதம், அதாவது ஒரு பிக்சலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். ‘பால்’ (PAL) என்னும் தொலைக்காட்சி முறையிலான 16:9 டிவிடியிலிருந்து எடுத்த வீடியோ 720×576 பிக்சல்களாகச் சேமிக்கப்பட்டிருந்தாலும், அதன் பிக்சல்கள் சதுரமானவை அல்ல. 64:45 என்ற விகிதத்தில் அகன்றவை என்பதால் திரையில் 1024×576 ஆக விரிகின்றன. அதை 700×560 ஆக வெட்டினால், கோப்பில் 700 என்றே பதிவாகியிருக்க, பிளேயர் ஏறத்தாழ 996×560 ஆகக் காட்டும். ஓரங்களை வெட்டும் ஃபில்டரான ‘கிராப்’ தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது; பழைய விகிதம் கூடவே வந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த இடத்தில் பிக்சல் விகிதத்தை மாற்றி எழுதும் ‘செட்சார்’ ஃபில்டரில் 1 என்று மட்டும் கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் படத்தில் உள்ளவர்கள் ஒடுங்கிப்போவார்கள். ‘ஸ்கேல்’ ஃபில்டரால் அகலத்தை 996 ஆக உண்மையிலேயே விரித்த பிறகே விகிதத்தை 1 ஆக்க வேண்டும்.

641×361 கேட்டு 640×360 கிடைத்தால் காரணம் வேறு. 4:2:0 என்னும் நிறச் சேமிப்பு முறையில் நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிறத் தகவலே இருப்பதால், கிராப் ஒற்றைப்படை எண்களைக் கீழ்நோக்கி இரட்டைப்படையாக்கிவிடும். வெட்டு தொடங்கும் இடத்துக்கும் இதே விதிதான். ‘எக்ஸாக்ட்’ விருப்பத்தை இயக்கி இதைத் தடுக்கலாம் என்றாலும், வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் குறியாக்கியான எக்ஸ்264 (x264) அந்த ஒற்றைப்படை அளவை ஏற்காமல் பிழை காட்டி நின்றுவிடும். எனவே எல்லா எண்களையும் முதலிலேயே இரட்டைப்படையாகத் தருவதே நல்லது.

கைபேசியில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோ, பெரும்பாலும் 1920×1080 ஆகவே சேமிக்கப்பட்டு, 90 டிகிரி சுழற்றுமாறு ஒரு குறிப்பை மட்டும் தாங்கியிருக்கும். எஃப்எஃப்எம்பெக் முதலில் அதைச் சுழற்றிவிடுவதால், கிராப்பின் கைக்கு வருவது 1080×1920. அதில் 1280 அகலம் கேட்டால் அளவு மிகப் பெரிது என்ற பிழைதான் வரும். இத்தகைய கோப்புகளில் நேரடி எண்களுக்குப் பதிலாக ‘ஐடபிள்யூ’, ‘ஐஎச்’ என்னும் மாறிகளைக் கொண்டு கணக்கிட்டால், அவை சுழற்சிக்குப் பிந்தைய அகலத்தையும் உயரத்தையுமே தரும்.