பின்னதிர்வுதானே என்று உள்ளே போகாதீர்கள்

நிலநடுக்கத்தில் அடிபட்ட கட்டடங்களைச் சோதிப்பது என் தொழில். இந்த முறையும் அதே கதைதான். தூணில் மூலைவிட்டமாக விரிசல் ஓடியிருக்கிறது, 'ஆபத்து, உள்ளே போகக்கூடாது' என்று வாசலில் சிவப்பு அட்டை ஒட்டியாயிற்று, உள்ளே வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருக்கிறார். கேட்டால், "பெரியது வந்து போயிடுச்சே சார், இனிமே பின்னதிர்வுதானே?"

அந்தத் 'தானே'வைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. பின்னதிர்வு என்றால் பெரிய அதிர்வுக்குப் பிறகு, அதே வட்டாரத்தில் வரும் அதிர்வு. பெரும்பாலும் முதலில் வந்ததைவிட நிலநடுக்க அளவுகோலில் ஓர் அலகாவது குறைந்திருக்கும். சரி, 7.8-இல் ஒன்று போனால் 6.8. அது சின்னதா? நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-இல் 7.8, மே 12-இல் வந்த பின்னதிர்வே 7.3. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் 2010 செப்டம்பரில் 7.1-க்குத் தப்பியது. அடுத்த பிப்ரவரியில் வந்த பின்னதிர்வு வெறும் 6.2. ஆனால் நகரத்தை ஒட்டி, குறைந்த ஆழத்தில். 185 பேர் பலி.

"நாளாக நாளாக அடங்கிடும்" என்பார்கள். அடங்குவது எண்ணிக்கை. முதல் நாள் நூறு வந்தால் பத்தாம் நாள் ஏறத்தாழ பத்து வரும். அந்தப் பத்தில் ஒன்று பெரிதாக இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

அதோடு, 'பெரியது' வந்துவிட்டதென்று யார் சொன்னது? ஜப்பானின் குமாமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு ஓர் அதிர்வு. அதுதான் முதன்மை என்று நம்பிப் பலர் வீடு திரும்பினார்கள். 16-ஆம் தேதி அதிகாலை அதைவிடப் பெரியது வந்தது. முதலில் வந்தது முன்னதிர்வு என்று அதன் பிறகுதான் பெயர் மாறியது. அந்த அனுபவத்துக்குப் பின் ஜப்பான் வானிலை முகமை, பெரிய நிலநடுக்கம் வந்தவுடன் விடும் எச்சரிக்கைகளில் 'பின்னதிர்வு' என்று சொல்வதையே தவிர்க்கிறது. கேட்பவர் அசட்டையாகிவிடுகிறார் என்பதுதான் காரணம்.

சிவப்பு அட்டை இருந்தால் நகைக்கும் போகாதீர்கள், பத்திரத்துக்கும் போகாதீர்கள். விரிசல் விட்ட சுவரோரம் வண்டியை நிறுத்தி அதற்குள் தூங்காதீர்கள். அப்புறம், கையெடுத்துக் கும்பிடுகிறேன், நாங்கள் வருவதற்குள் விரிசலில் பட்டி பூசிவிடாதீர்கள். விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவது எங்கள் வழக்கம். அடுத்த அதிர்வில் அது கோட்டைத் தாண்டியதா என்று பார்க்க வேண்டும். பூசிவிட்டால் எதைப் பார்ப்பது?