வயிற்றில் ஒப்பரேஷன், விறைத்தது கால்

"மிஸ், செருப்பு கழன்டது எனக்குத் தெரியவே இல்லை."

சொன்னவர் திருகோணமலை நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் ஓர் ஐயா. (நோயாளிகளின் அடையாளங்களைச் சற்று மாற்றியே எழுதுகிறேன்.) குடலின் கீழ்ப்பகுதியில் பெரிய ஒப்பரேஷன் முடிந்து மூன்றாம் நாள். கழிப்பறைக்கு எழும்பி நடந்தவர் பாதி வழியில் குனிந்து பார்த்தால், இடது கால் செருப்பு கட்டிலடியிலேயே கிடக்கிறது. பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். வலது பாதம் எழும்பியது. இடது பாதம் அப்படியே தொங்கியது. பக்கத்தில் நின்ற மனைவி அழத் தொடங்கிவிட்டார். "வாதம் அடிச்சிட்டுதா மிஸ்?"

வாதம் இல்லை அம்மா, நரம்பு நசிந்திருக்கிறது என்றேன். இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னது அது முதல் தடவை அல்ல. வயிற்றை வெட்டினால் கால் ஏன் விறைக்க வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் வீட்டார் பயந்து போகிறார்கள். பயத்தில் செய்யும் வேலைகள்தான் சில நேரம் நரம்பைவிடக் கூடுதலாகக் காலைக் கெடுக்கின்றன.

உங்கள் முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே தடவிப் பாருங்கள். சின்ன எலும்புக் குமிழ் ஒன்று தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்தக் குமிழை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் வளைந்து போகிறது. மலக்குடல் ஒப்பரேஷனில் பெரும்பாலும் பிரசவத்துக்குப் படுக்க வைப்பதுபோல் இரண்டு கால்களையும் உயர்த்தித் தாங்கியில் வைப்பார்கள். நான்கைந்து மணித்தியாலம் அப்படியே இருக்கும்போது அந்த இடம் அழுந்தினால் நரம்பு நசியும். மெலிந்த உடம்புக்காரருக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் வாய்ப்புக் கூட. கீழ்க்காலின் வெளிப்புறமும் பாதத்தின் மேற்புறமும் விறைக்கும், பாதம் தொங்கும். வேறு சிலருக்கு, வயிற்றை விரித்துப் பிடிக்கும் கருவி உள்ளே தொடை நரம்பை அழுத்தியிருக்கும். அவர்களுக்குத் தொடையின் முன்பக்கம் விறைத்து, படி இறங்கும்போது முழங்கால் மடங்கி விழப்பார்க்கும். தொடையின் வெளிப்புறம் மட்டும் விறைத்து, சாரம் உரசினாலே எரிகிறது என்பவர்களும் உண்டு. அதில் தசைக்குப் பாதிப்பில்லை.

சரி, எப்போது திரும்பும்? நரம்பின் மேலுறை மட்டும் நசிந்திருந்தால் சில வாரங்கள், கூடினால் மூன்று மாதம். உள்ளிருக்கும் இழையே அறுந்திருந்தால் அது நசிந்த இடத்திலிருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். முழங்காலிலிருந்து பாதத்துக்கு 35 சென்ரிமீற்றர் என்று வைத்தால் கிட்டத்தட்ட ஒரு வருடம். சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். அதை நான் மறைப்பதில்லை.

இந்தக் காத்திருப்புத்தான் கஷ்டம். நாளுக்கு நாள் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. அதனால் ஒரு வேலை கொடுப்பேன்: ஞாயிற்றுக்கிழமைதோறும் கண்ணை மூடி, பஞ்சால் காலைத் தொட்டுக்கொண்டு கீழே வாருங்கள், உணர்வு நிற்கும் இடத்தில் பேனையால் கோடு போடுங்கள், முழங்காலிலிருந்து அது எத்தனை விரல் தூரம் என்று கொப்பியில் எழுதுங்கள். அந்த ஐயாவின் பேத்திதான் அவருக்குக் கோடு போட்டாள். ஏழாவது வாரம் கோடு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. அன்றைக்குத்தான் அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன். அப்புறம் எறும்பு ஊர்வதுபோல, கரண்ட் அடிப்பதுபோல வரத் தொடங்கும். பலர் அதற்குப் பயந்து ஓடி வருவார்கள். அது அநேகமாக நரம்பு விழிக்கிற அறிகுறி. எரிவு தாங்க முடியாமல் நித்திரை கெட்டால் நரம்பு வலிக்கென்றே மருந்து இருக்கிறது, வைத்தியரிடம் கேளுங்கள். பரசிட்டமோல் இதற்கு அவ்வளவாக உதவாது.

இனி, நான் கெஞ்சிக் கேட்கும் விஷயம். விறைத்த காலுக்குச் சூடு வைக்காதீர்கள். மூதூரிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு மருமகள் அன்போடு உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மாவுக்குச் சுடவே இல்லை, "இன்னும் வை மகள்" என்றிருக்கிறார். விடியப் பார்த்தால் காலில் உள்ளங்கையளவு கொப்புளம். நீரிழிவுக்காரர் வேறு. புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது. சுடுநீர்ப் போத்தலும் இதே ஆபத்துத்தான். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் நரம்பு விழிக்கும் என்று யாராவது சொல்வார்கள். வயிற்றுக் காயம் முழுதாக ஆறும்வரை அந்தப் பக்கம் போகவேண்டாம். ஆறிய பிறகு போனாலும் விறைத்த காலில் ஊற்றுமுன் கையால் சூடு பாருங்கள். மத்தியான வெயிலில் கோணேசர் கோயில் கல்லில் வெறுங்காலோடு நிற்பதும் கடற்கரைச் சுடுமணலில் நடப்பதும் அப்படித்தான். கோயிலுக்கு விடியற்காலையில் போங்கள். இரவில் படுக்குமுன் உள்ளங்காலை ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிப்பி கிழித்திருந்தாலும் அந்தக் கால் உங்களுக்குச் சொல்லாது.

சப்பாணி கட்டி இருப்பது, குந்தியிருப்பது, கால்மேல் கால் போடுவது மூன்றையும் கொஞ்ச மாதம் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே நசிந்த இடத்தை அவை மறுபடி நசிக்கும். குந்தும் கழிப்பறை என்றால் ஒரு கொமட் கதிரை வாங்குங்கள். பழைய சாரம் ஒன்றைப் பாதத்தில் கொழுவி, காலை நீட்டி, உங்கள் பக்கம் இழுத்து முப்பது விநாடி பிடியுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து முறை, நாளுக்கு மூன்று தடவை. மூச்சை அடக்காதீர்கள், தையல் இருக்கிறது. இப்படிச் செய்யாவிட்டால் நரம்பு திரும்பும் நேரத்தில் கெண்டைக்கால் தசை சுருங்கிப்போயிருக்கும். பாதம் அசையாவிட்டாலும் தூக்க முயன்றுகொண்டே இருங்கள். தொங்கும் பாதத்துக்குத் தாங்கி போட்டால் தடுக்கி விழமாட்டீர்கள்.

எண்ணெய் தேய்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி, நொந்து, சூடாக இருந்தால் தொடவே வேண்டாம். அது இரத்தக்கட்டியாக இருக்கலாம், தேய்த்தால் நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அடித்துச் சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். ஒப்பரேஷன் முடிந்த முதல் நாளில் கெண்டைக்கால் கல்லுப்போல் இறுகித் தாங்க முடியாமல் வலித்தால், இரண்டு காலும் வரவரப் பலம் குறைந்தால், மலவாயைச் சுற்றி விறைத்துச் சிறுநீர் போகாவிட்டால், இரவென்று பார்க்காமல் தாதியை எழுப்புங்கள். வீட்டில் இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். இங்கே மணித்தியாலங்கள்தான் கணக்கு.

இரண்டு பாதமும் சொக்ஸ் போட்டதுபோல் விறைத்தால் கதை வேறு. சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தவர்களுக்கு விற்றமின் பி12 உடம்பில் சரிவரச் சேராமல் போகலாம். ஈரலில் உள்ள சேமிப்பு ஓடும்வரை ஒன்றும் தெரியாது, வருடங்கள் கழித்துத்தான் விறைக்கத் தொடங்கும். ஊசி போட்டுத் தடுக்கலாம். நீரிழிவுக்குக் குடிக்கும் மெற்போமின் குளிசையும் பி12ஐக் குறைக்கலாம், அதைக் குடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். குடல் புற்றுநோய்க்கு ஏற்றும் ஒக்சாலிபிளாற்றின் மருந்தும் கை கால்களை விறைக்க வைக்கும், குளிர் பட்டால் கூடும். அதைச் சகித்துக்கொண்டு இருக்காமல் அடுத்த மருந்து ஏற்றுமுன் கிளினிக்கில் சொல்லுங்கள், அளவை மாற்ற அவர்களுக்கு வழி உண்டு.

கால் விறைத்து எங்களிடம் வரும்போது டயக்னோசிஸ் கார்டை மறக்காமல் கொண்டு வாருங்கள். என்ன ஒப்பரேஷன், குடலில் எந்தப் பகுதியை எடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். தினமும் போடும் செருப்போடேயே வாருங்கள், புதியது வாங்கிப் போட்டு வரவேண்டாம். பாதம் எவ்வளவு இழுபடுகிறது என்பதைச் செருப்பின் நுனித் தேய்மானத்தில் பார்த்துக்கொள்வேன்.